72 மாடல் அம்பாசடர் மார்க் 2: இன்ஜின் வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் ஏற்றுவதா?

பொள்ளாச்சி72

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1972 அம்பாசடர் மார்க் 2, ஹேண்ட் கியர் (கியர் லிவர் ஸ்டியரிங் பக்கத்தில்). 79-இல் அப்பா ஒரு மில் முதலாளியிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இன்று வரை அதே 1489 சிசி பெட்ரோல் இன்ஜின்தான். போன ஞாயிறு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியார் தாண்டியதும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் பிய்த்துக்கொண்டது. தப்பு முழுக்க என்னுடையது. மச்சான் கல்யாணப் பேச்சு சுவாரசியத்தில் முதலில் கவனிக்கவில்லை. பானெட் ஓரத்தில் ஆவி வந்த பிறகும், அடுத்த வளைவில் நிழல் இருக்கும் என்று இன்னும் ஒரு கிலோமீட்டர் ஏற்றினேன். அந்த ஒரு கிலோமீட்டர்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஒன்றரை மணி நேரம் ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். ஸ்டார்ட் ஆனது. பின்னால் வெள்ளைப் புகை, கீழே சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கிற தொட்டி) பக்கத்திலிருந்து கடக் கடக் என்று சத்தம். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் டிகிரி காபி நுரை மாதிரி ஆயில். உடனே ஆஃப் செய்துவிட்டு லாரியில் ஏற்றிக் கோவை கொண்டுவந்தேன்.

இதுவரை மூன்று பேரிடம் கேட்டாயிற்று. ஒரு ஒர்க்‌ஷாப்பில், இதெல்லாம் வேலைக்கு ஆகாது, இசுசு 1.8 பெட்ரோலும் கியர்பாக்ஸும் ஏற்றிவிடலாம், 1,60,000 என்கிறார்கள். எங்கள் வழக்கமான மெக்கானிக் அண்ணன், உக்கடத்தில் இதே 1489 பழைய இன்ஜின் 22,000-க்குப் பார்த்து வைத்திருக்கிறேன், மாட்டுகிற கூலி 10,000, ஒரே வாரம் என்கிறார். இன்ஜின் வேலை மட்டுமே பார்க்கும் இன்னொருவர், இருப்பதையே செய்யலாம், 80,000 ஆகும், கூடவும் செய்யலாம் என்கிறார். வீட்டில் நாலாவது யோசனை ஒன்று இருக்கிறது, விற்றுவிடு என்று. அதை இங்கே விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்ன செய்யலாம்?

இசுசு_ஆசாமி

நான் செய்த ஆள், அதனால் சொல்கிறேன். என்னுடையது 78 மார்க் 3, எட்டு வருடம் முன்பு இசுசு 1.8 ஏற்றினேன். 1817 சிசி, ஐந்து கியர். பழைய இன்ஜினில் 70-க்கு மேல் போனால் வண்டி கெஞ்சும். இப்போது சேலம் ரோட்டில் ஏசி போட்டுக்கொண்டு 90-இல் போகிறேன், டேஷ்போர்டில் வைத்த எலுமிச்சம்பழம் உருளுவதில்லை. கம்பெனியே 90-களில் இதே இன்ஜினை இதே பாடியில் போட்டு விற்றது, அதனால் இது ஒன்றும் ஒட்டுப்போடுகிற வேலை இல்லை.

ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும் இல்லையா. கியர்பாக்ஸ் மாறினால் ஹேண்ட் கியர் போச்சு, ஃப்ளோர் கியர்தான், தரையில் தகட்டை வெட்ட வேண்டும். இன்ஜின் மவுண்டிங் புதிதாக அடிக்க வேண்டும். என் வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற தண்டு) வெட்டி வெல்டு அடித்தார்கள், பேலன்ஸ் பார்க்காமல் மாட்டிவிட்டார்கள், 80-இல் உட்கார்ந்த இடம் நடுங்கியது. அதைச் சரிசெய்ய மூன்று தடவை அலைந்தேன். 1,60,000 என்று சொன்னால் 2,10,000 என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

லேத்_தாத்தா

தம்பி, ஒரே ஒரு கேள்வி. இன்ஜினை இறக்கிப் பிரித்தார்களா? மூன்று ரேட்டும் பானெட்டைத் திறந்து பார்த்து, சத்தத்தைக் கேட்டுச் சொன்னதா?

பிரிக்கவில்லை என்றால் மூன்றுமே ஜோசியம்தான். நாற்பது வருடம் போரிங்கும் (சிலிண்டரைக் குடைவது) கிராங்க் கிரைண்டிங்கும் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டைத் தேய்ப்பது) பார்த்தவன் சொல்கிறேன். இன்ஜின் செய்யலாமா வேண்டாமா என்பதை மெக்கானிக்கோ சொந்தக்காரரோ முடிவு செய்யக் கூடாது, மைக்ரோமீட்டர் முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் சொன்ன அறிகுறியில் இரண்டு வியாதி தெரிகிறது. வெள்ளைப் புகையும் காபி ஆயிலும் மேலே. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வளைந்திருக்கும், இல்லாவிட்டால் வால்வ் சீட்டுகளுக்கு நடுவே கிராக். கடக் கடக் கீழே. ஆயிலில் தண்ணீர் கலந்து, சூட்டில் மெலிந்து, கன்ராடு (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற தடி) பேரிங் உருகியிருக்கும். இரண்டும் செய்யக்கூடிய வேலைதான். பெரிய தலைவலி ஒன்றுதான், பிளாக்கில் சிலிண்டருக்கும் வாட்டர் ஜாக்கெட்டுக்கும் (சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் பாதை) நடுவே கிராக். அது இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூட எடுத்து வைக்காதீர்கள்.

பிரிக்கும்போது கூடவே நில்லுங்கள். இந்த இன்ஜினில் கன்ராடின் கீழ்வாய் நேராக இருக்காது, சாய்வாக வெட்டிப் பிரித்த மாதிரி இருக்கும். எந்த கன்ராடு எந்த சிலிண்டர், கேப் எந்தப் பக்கம் பார்த்தது என்று பஞ்ச் அடித்து வைக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுக் கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம்.

பத்மினி_அக்கா

இரும்பு வேலை எனக்குத் தெரியாது. பேப்பர் வேலையில் பட்டிருக்கிறேன், அதை மட்டும் சொல்கிறேன்.

என் 84 பிரீமியர் பத்மினிக்கு ஒரு பழைய இரும்புக் கடையில் இன்ஜின் வாங்கி மாட்டினேன். நன்றாகத்தான் ஓடியது. ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது இன்ஸ்பெக்டர் இன்ஜின் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்தார், ஆர்.சி.யில் இருக்கிற நம்பர் இல்லை. அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, பில் எங்கே என்று கேட்டார். கடைக்காரர் கொடுத்தது கணக்கு நோட்டில் கிழித்த ஒரு துண்டுச் சீட்டு. ஐந்து மாதம் நடந்தேன். இன்சூரன்ஸிலும் இதே தொந்தரவு வரும், நம்பர் மாறியிருந்தால் கிளெய்ம் நேரத்தில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

அப்புறம், உங்கள் வண்டி 72. ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் பதிவு என்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆகியிருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. நம்பர் பிளேட்டில் வி.ஏ. எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000. இசுசு ஏற்றிய அடுத்த நிமிடம் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

இசுசு_ஆசாமி

அக்கா, அந்த விண்டேஜ் பதிவு வாங்கினால் வண்டியை வழக்கமாக ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். மச்சானை ஏற்றிக்கொண்டு ஊட்டி போகிறவருக்கு அது எதற்கு?

பத்மினி_அக்கா

நான் வாங்கச் சொல்லவில்லையே. கதவு மூடும் என்றுதான் சொன்னேன்.

ஏ55_யாழ்

தம்பிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வார்த்தை. என்னிடம் இருப்பது ஒஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜ். உங்கள் அம்பாசடரில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒரே குடும்பத்து எஞ்சின்தான், பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் 1489.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது எங்கட கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அது முழுதாக எரியாது. எரியாதது சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, சம்பில் இருக்கிற ஒயிலையும் தண்ணீராக்கிவிடும். போர் தேயும், பேரிங் தேயும், மலையேறாமலே உங்களுக்கு நடந்தது எங்களுக்கு மெதுவாக நடந்தது. புது எஞ்சினுக்கு எங்கே போவது? ஸ்லீவ் அடித்தோம், அதாவது தேய்ந்த சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்கினோம். தேய்ந்தால் அதை எடுத்துவிட்டு மறுபடி அடித்தோம். என் பிளாக்கில் இப்போது இருப்பது இரண்டாவது தரம் அடித்த ஸ்லீவ், இன்றைக்கும் பருத்தித்துறைக்குப் போய் வருகிறேன்.

ஆகவே, பிளாக் வெடிக்காமல் இருந்தால் எறியாதீர்கள் அண்ணை.

பொள்ளாச்சி72

எல்லோருக்கும் நன்றி. தாத்தா சொன்ன மாதிரி இன்ஜினை இறக்கிப் பிரித்துப் பார்த்தாயிற்று. நேற்று காலை ஒன்பது மணி முதல் கூடவே நின்றேன்.

மூன்றாம் நம்பர் கன்ராடு பேரிங் பெயருக்குத்தான் இருந்தது. பிரித்ததும் காகிதம் மாதிரி மெலிந்து, செம்பு நிறம் தெரிந்து, கேப்பிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. கிராங்க் பின்னில் (கன்ராடு மாட்டுகிற இடம்) நகத்தை வைத்து இழுத்தால் கோடுகளில் மாட்டி நிற்கிறது. ஹெட்டை ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்த்தோம், நடுவில் 8 தௌ (ஒரு தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வளைவு. கிராக் தெரிவதற்காகச் சிவப்பு டை பூசித் துடைத்து, வெள்ளை பவுடர் அடித்த கொஞ்ச நேரத்தில் இரண்டு, மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் சீட் பக்கத்தில் மயிரிழை மாதிரி சிவப்புக் கோடு எழுந்து வந்தது. கண்ணுக்கு எதிரே அது வந்ததைப் பார்க்க வயிற்றைக் கலக்கியது.

பிளாக்கை ஓட்டைகள் எல்லாம் அடைத்து, சுடுதண்ணீரில் இறக்கிக் காற்று ஏற்றினார்கள். குமிழ் ஒன்றுகூட வரவில்லை. பத்து நிமிடம் அங்கேயே குனிந்து நின்றேன், கண்ணாடி பூராவும் ஆவி.

ஆனால் போர் ஏற்கனவே ஓவர்சைஸ் 40 (40 தௌ பெரிதாகக் குடைந்தது). அப்பா எப்போது செய்தார் என்று அம்மாவுக்கும் நினைவில்லை. இதற்கு மேல் போர் அடிக்க முடியாது என்கிறார்கள். அப்படியானால் பழைய இன்ஜின்தானா?

லேத்_தாத்தா

போர் அடிக்க முடியாது, சரி. ஸ்லீவ் அடிக்கலாம். 73 மி.மீ. ஸ்டாண்டர்டு போர், 40 தௌ என்றால் ஒரு மி.மீ. கூட, 74. உங்கள் 1489 இப்போது கணக்குக்கு 1531 சிசி. நாலு சிலிண்டருக்கும் டிரை ஸ்லீவ் இறக்கி, ஸ்டாண்டர்டுக்கே போர் அடித்து ஹோனிங் போட்டால் பிஸ்டன் ஸ்டாண்டர்டு சைஸ் வாங்கிக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்துக்காரர் சரியாகச் சொன்னார். ஸ்லீவ் அடித்தால் சூடு இறங்காது என்று யாராவது வருவார்கள். ஸ்லீவைக் கையால் தள்ளியதும் இறங்குகிற மாதிரி லூசாகப் போட்டால் சூடு இறங்காதுதான். பிரஸ்ஸில் அழுத்தி இறக்க வேண்டும்.

கிராங்க் என்ன சைஸில் இருக்கிறது, அதைச் சொல்லவில்லையே?

பொள்ளாச்சி72

அங்கேதான் இடிக்கிறது தாத்தா. கிராங்க் பின் ஏற்கனவே அண்டர்சைஸ் 30 (30 தௌ தேய்த்துச் சிறிதாக்கியது). கோடு ஆழமாக இருப்பதால் 40-க்கு அடித்தாலும் போகாது என்கிறார்.

லேத்_தாத்தா

40-க்கு மேல் பேரிங்குக்கு எங்கே போவீர்கள். வெல்டு நிரப்பி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றே மெயின் பேரிங்கில் (கிராங்கையே தாங்குகிறவை) நிற்கிற கிராங்க் அது, நடுவில் வளைகிற சுபாவம் உண்டு, அதில் வெல்டு வேண்டாம். வேறு கிராங்க் தேடுங்கள்.

புதுப்பேட்டை_வாசி

இங்கே சென்னையில் தனி கிராங்க் கேட்டால் 12,000, 15,000 சொல்வார்கள், துரு ஏறியதைத் தலையில் கட்டுவார்கள். உக்கடத்தில் முழு இன்ஜின் 22,000 என்றீர்களே, அதையே போய்ப் பாருங்கள். மாட்டுவதற்கு இல்லை, உதிரிக்கு. கிராங்க் கிடைக்கும், ஹெட் கிடைக்கும், சில்லறைச் சாமான் எல்லாம் கிடைக்கும். ஒரு நிபந்தனை, கடையிலேயே சம்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் அடுத்த கடை. பெயின்ட் பளபளப்பாக இருக்கிற இன்ஜினைக் கண்டால் ஒன்றுக்கு இரண்டு தடவை சுற்றிப் பாருங்கள்.

பொள்ளாச்சி72

வாசி அண்ணா, உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். கதையைக் கேளுங்கள்.

மெக்கானிக் அண்ணனும் நானும் போனோம். இன்ஜின் சில்வர் பெயின்டில் மணப்பெண் மாதிரி நின்றது. ஓடுகிற இன்ஜின், அப்படியே மாட்டலாம் என்றார் கடைக்காரர். டைனமோ பக்கத்தில், அடியில், கையை விட்டுத் தடவினேன். ஒரு இடம் மட்டும் வழுவழு. ஸ்குரூ டிரைவரால் கீறினால் இரும்பு இல்லை, எம்சீல். உள்ளங்கை அகலம். எப்போதோ கன்ராடு உடைந்து பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது, பூசி மெழுகிப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். இதைத்தான் ஒரு வாரத்தில் மாட்டிக்கொண்டு ஓட்டியிருப்பேன்.

மெக்கானிக் அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். திட்டவில்லை, அவரும் நம்பித்தான் சொன்னார்.

சம்பைக் கழற்றினோம். இன்னொரு கன்ராடு போட்டு ஓட்டியிருப்பார்கள் போல, கிராங்க் என்னவோ நன்றாகவே இருந்தது. லேத்தில் கொண்டுபோய் அளந்து கிராக்கும் பார்த்து, சரியில்லை என்றால் திருப்பித் தருவேன் என்று பேசி 14,000-க்கு முடித்தேன், பில்லோடு. அளந்தால் கிராங்க் பின், மெயின் இரண்டும் ஸ்டாண்டர்டு, கொஞ்சம் தேய்மானம். 10 அடித்தால் போதுமாம். ஹெட்டில் டை போட்டோம், சிவப்புக் கோடு வரவில்லை.

ஆக, என் பிளாக், அதில் ஸ்லீவ். அவர்கள் கிராங்க், அவர்கள் ஹெட். ஆர்.சி. நம்பர் பிளாக்கில் இருப்பதால் அக்கா சொன்ன தொந்தரவும் இல்லை. இதற்கு இன்ஜின் வேலை என்று பெயரா, இன்ஜின் மாற்றியது என்று பெயரா, எனக்கே தெரியவில்லை.

பத்மினி_அக்கா

ஹெட் வெளியே இருக்கும்போதே எக்ஸாஸ்ட் சீட்டுக்கு ஹார்டு சீட் போட்டுவிடுங்கள். 2000-த்தில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது, அந்தக் காலத்து சீட் ஈயத்தை நம்பிச் செய்தது. நான் போடாமல் விட்டு, இரண்டு வருடத்தில் வால்வ் உள்ளே அமுங்கி மறுபடி ஹெட்டைக் கழற்றினேன். இப்போது பங்க்கில் வருவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வேறு. பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், இரண்டையும் கூடவே மாற்றுங்கள், பழைய ரப்பர் அதற்குத் தாங்காது.

(இரும்பு வேலை தெரியாது என்று ஆரம்பத்தில் சொன்னேன். கொஞ்சம் தெரியும்.)

லேத்_தாத்தா

முக்கியமான ஒன்று, இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பேரிங் உருகின இன்ஜினில் அந்தத் தூள் எல்லா ஆயில் வழியிலும் போய் உட்கார்ந்திருக்கும். பிளாக்கில் ஆயில் கேலரி முனையில் இருக்கிற பிளக்குகளைக் கழற்றி, கம்பி பிரஷ் விட்டு, மண்ணெண்ணெய் அடித்து, காற்று அடித்து, வெள்ளைத் துணியில் கறை வராத வரை கழுவ வேண்டும். கிராங்குக்கு உள்ளே இருக்கிற துளைகளும் அப்படியே. ஆயில் பம்ப் புதிது போடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். புது பேரிங் போட்டு முந்நூறு கிலோமீட்டரில் மறுபடி சத்தம் என்று வருகிற இன்ஜின்களில் பாதி இந்தக் கழுவலில் ஏமாற்றியதுதான்.

இசுசு_ஆசாமி

மொத்தம் என்ன ஆகிறது? உண்மையைச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி72

ஸ்லீவ், போரிங், பிஸ்டன் செட், கிராங்க், பேரிங், ஹெட் வேலை, ஆயில் பம்ப், டைமிங் செயின், உதிரி இன்ஜின், இறக்கி ஏற்றிய கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்து 1,08,000. வீட்டில் 80,000 என்று சொல்லியிருக்கிறேன். ரேடியேட்டரைத் தனியாகக் கொடுத்து உள்ளே குச்சி விட்டுச் சுத்தம் செய்தேன், ஹோஸ் நாலும் புதிது, அதை இதில் சேர்க்கவில்லை. எல்லாம் ஆரம்பித்தது அந்த ஹோஸில்தானே, 300 ரூபாய்.

இசுசு_ஆசாமி

எனக்கு ஆனதில் பாதி. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சேலம் ரோட்டில் என்னைப் பார்த்தால் ஓரமாக வழிவிடுங்கள்.

பொள்ளாச்சி72

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று ஸ்டார்ட் செய்தோம். முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் வரும்வரை செல்ஃப் மட்டும் சுற்றினோம். மெக்கானிக் அண்ணன் தற்காலிகமாக ஒரு கேஜ் மாட்டியிருந்தார். முள் எழுந்ததும் பிளக்கைப் போட்டு, சோக்கை இழுத்து, இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. சூடான பிறகு ஓட்டத்தில் 50 பவுண்டுக்கு மேல், ஐடிலில் 20. சத்தம் இல்லை. டேப்பெட் (வால்வ் இடைவெளி) 15 தௌ வைத்து டிக் டிக் என்று தையல் மெஷின் மாதிரி. அம்மா வாசலுக்கு வந்து நின்று கேட்டுவிட்டு, அப்பா வந்துவிட்டார் என்று நினைத்தேன் என்றார்.

இன்று 40 கிலோமீட்டர் ஓட்டினேன், 60-ஐத் தாண்டவில்லை. ஒரே ஒரு சந்தேகம். ராத்திரி நிறுத்தின இடத்தில், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, தரையில் ஐந்து ரூபாய் காசு அளவு ஆயில் சொட்டு. புதிதாகச் செய்த இன்ஜினில் ஏன்?

லேத்_தாத்தா

கிராங்கின் பின்பக்கம் அந்த இன்ஜினில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்கில் திருகு மாதிரி வரி வெட்டியிருக்கும், சுற்றும்போது அதுதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். நின்றால் சொட்டும். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிட்டு, ஹெட் நட்டுகளை மறுபடி டைட் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஏ55_யாழ்

என்னுடையதும் சொட்டுகிறது அண்ணை. ஒரு காட்போட் மட்டையைக் கீழே போட்டு வையுங்கோ. சொட்டு நின்றுவிட்டால்தான் பயப்பட வேணும், ஒயில் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.